வயர் மட்டும் மிச்சக் காசுலயா?



போன வாரம் எங்க பங்காளி மகன் ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்கு வந்தான். மரச்செக்கு போடப் போறானாம். தேங்காய் விலை எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு யாராலயும் சொல்ல முடியறதில்ல; எண்ணெயா ஆட்டி வித்தா நாலு காசு நிக்கும்னு கணக்கு. நல்ல யோசனைதான். நோட்டை வாங்கிப் பாத்தேன். செக்கு ரெண்டு, அதுக்கு 3 ஹெச்.பி. மோட்டார் ரெண்டு, கொப்பரை வெட்டுற மெஷின், ஃபில்டர், ஷெட்டுக்குத் தகரம், தரைக்கு சிமெண்டு, திறப்பு விழா அன்னைக்குப் பந்தல், சாப்பாடுன்னு எல்லாத்துக்கும் தனித்தனியா தொகை எழுதியிருந்தான். கடைசி வரியில "வயரிங், இதர"ன்னு போட்டு, கடன் தொகையில மிச்சம் எவ்வளவோ அதை எதிர்ல எழுதியிருந்தான்.

"ஏஞ் சாமி, பந்தலுக்கே தனி வரி போட்டிருக்கற. வயருக்கு ஒரு வரி இல்லையா?"

"அதை எலக்ட்ரீசியன் பாத்துக்குவாருங் பெரியப்பா. வயர்தானுங்களே!"

அந்த "வயர்தானே"ங்கற வார்த்தை எனக்குப் புதுசு இல்ல. 2014ல நானும் அதையேதான் சொன்னேன். அதுக்கு நான் கொடுத்த விலையை அவன்கிட்டச் சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லிடறேன்.

அந்த வருசம் பழைய போர் வத்திப்போய், தோட்டத்தோட மேல்கோடியில புதுசா போர் போட்டோம். தண்ணி கிடைச்சது. 460 அடியில 7.5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் இறக்கணும். மீட்டர் பெட்டியில இருந்து போர் வாய்க்கு 110 மீட்டர். கீழ மோட்டாருக்கு இன்னொரு 140 மீட்டர். ஆக கேபிள் 250 மீட்டர். எங்க எலக்ட்ரீசியன் ஒரே வார்த்தையில சொன்னார்: "6 ஸ்கொயர் வாங்குங்க. மேல ஓடுறதுக்கு 10 ஸ்கொயர் வாங்கினா இன்னும் நல்லது." போர் ஓட்டின வண்டிக்கும் மோட்டாருக்கும் குடுத்தது போக கையில ரொம்பக் கம்மியாத்தான் இருந்தது. கடையில கேட்டேன். "7.5 ஹெச்.பி. 15 ஆம்ப்ஸ் இழுக்குமுங்க. 2.5 ஸ்கொயர் காப்பர் கேபிளே 20 ஆம்ப்ஸுக்கு மேல தாங்கும். எதுக்குங்க தண்டத்துக்குக் காசு?" அப்படின்னார் கடைக்காரர். 6க்கும் 2.5க்கும் வித்தியாசம் 17,000 ரூபாய். நான் 2.5 வாங்கினேன். எர்த்துக்குத் தனியா கம்பி இழுக்கறதையும் "அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு தள்ளிவிட்டேன். எலக்ட்ரீசியன் முகம் சுருங்கிச்சு. ஆனா காசு குடுக்கறவன் நான். அவர் என்ன பண்ணுவார்?

கடைக்காரர் சொன்னது பொய் இல்லைங்க. அதுதான் இதுல இருக்கற சூட்சுமம். 2.5 ஸ்கொயர் 15 ஆம்ப்ஸைத் தாங்கும். சூடாகி உருகாது. ஆனா தாங்கறது வேற, கொண்டுபோய்ச் சேர்க்கறது வேற. வாய்க்கால்ல தண்ணி விடறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மடையில விட்ட தண்ணி அப்படியே கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருதா? வாய்க்கால் நீளமா இருந்தா வழியிலேயே பாதி இறங்கிடும். கரண்டும் அப்படித்தான், அதுல குறையறது வோல்டேஜ்.

கணக்கு ரொம்பச் சுலபம். 2.5 ஸ்கொயர் காப்பருக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 8 ஓம் தடை. 250 மீட்டருக்கு 2 ஓம். மூணு பேஸ்ல வோல்டேஜ் எவ்வளவு குறையும்னு பாக்க 1.73ஐ ஆம்ப்ஸால பெருக்கி, அதைத் தடையால பெருக்கணும். 1.73 × 15 × 2 = ஏறக்குறைய 52 வோல்ட். பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் போட்டா கொஞ்சம் கம்மியாகும், வயர் சூடானா கொஞ்சம் கூடும். மொத்தத்துல இந்தக் கணக்கு போதும். மீட்டர் பெட்டியில 390 வோல்ட் இருந்தா மோட்டாருக்குப் போறது 338தான். மோட்டார் செஞ்சிருக்கறது 415க்கு.

வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா மோட்டாரோட திருப்புற பலம் 19 சதவீதம் குறையுமுங்க. தண்ணி தூக்கற சுமை மட்டும் அப்படியே இருக்கு. அப்ப மோட்டார் என்ன செய்யும்? ஆம்ப்ஸைக் கூட இழுக்கும். கூட இழுத்தா வயர்ல இன்னும் வோல்டேஜ் விழும். காயில் சூடாகும்.

எனக்கு எட்டு மாசத்துல ரெண்டு தடவை காயில் போச்சு. முதல் தடவை மோட்டார் கம்பெனியைத் திட்டினேன். ரெண்டாவது தடவை லோ வோல்டேஜ்னு இ.பி.காரங்களைத் திட்டினேன். வண்டி வெச்சுத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்க ரெண்டு தடவைக்கும் சேத்து 31,000 ஆச்சு. ரெண்டாவது தடவை மோட்டார் வர 9 நாள் ஆயிப்போச்சு. ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம், காய் பிடிக்கிற நேரம். வெயில் வேற. அந்தப் போகத்துல விதைக்காய்க் காசுகூட வரல. 17,000 மிச்சம் பிடிச்சவனோட வரவு செலவு இதுதான்.

காயில் கட்டுற அண்ணன்தான் கேட்டார், "வோல்ட்டு எங்க வெச்சுப் பாக்கறீங்க?"ன்னு. ஸ்டார்ட்டர் மேல இருக்கற மீட்டர்லன்னு சொன்னேன். சிரிச்சார். தோட்டத்துக்கு வந்து, மோட்டார் ஓடும்போது போர் வாயில மீட்டரை வெச்சுக் காட்டினார். பெட்டியில 390, போர் வாயில 367. "இது மேல விழுந்தது. கீழ 140 மீட்டர்ல இன்னும் 29 விழும். அங்க போய் நீங்க மீட்டர் வெக்க முடியாது. கணக்குத்தான் போடணும்"னார்.

இது வரைக்கும் என் காசு, என் வெங்காயம். இதோட முடிஞ்சிருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன்.

ரெண்டாவது தடவை காயில் போறதுக்கு முந்தின நாள் களை எடுக்க ஆறு பேர் வந்திருந்தாங்க. மத்தியானம் ஒரு அக்கா கை கழுவ டெலிவரி பைப்புக்குப் போனாங்க. ஜி.ஐ. பைப். காயில் இன்சுலேஷன் ஏற்கனவே கெட்டுப்போய் கரண்ட் பைப்புல ஏறியிருந்திருக்கு. எர்த் இல்லாததால இறங்கிப்போக வழி இல்ல. அவங்க கை பட்டதும் அவங்க உடம்புதான் வழி. தூக்கி எறிஞ்சதுல வரப்புல போய் விழுந்தாங்க. அதுதான் காப்பாத்துச்சு, பைப்பைப் பிடிச்சிருந்தா விட்டிருக்காது. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள். செலவெல்லாம் நான்தான் பாத்தேன். அதைப் பெருமைக்குச் சொல்லல. "தம்பி, எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பயப்படாதீங்க"ன்னு அவங்க எனக்குத் தைரியம் சொன்னாங்க. எனக்குத் தலை நிமிரல. அவங்க இன்னைக்கும் எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வர்றாங்க. அந்தப் பைப்புல மட்டும் கை வெக்க மாட்டாங்க. தூக்குவாளியில வீட்டுல இருந்தே தண்ணி கொண்டு வந்துடுவாங்க.

என் கருத்து இதுதாங்க. வயர் வாங்கறவன் ஒருத்தன். பைப்பையும் மெஷினையும் தொடறவங்க பெரும்பாலும் வேற ஒருத்தங்க. அதனால வயரை மிச்சக் காசுல வாங்கற உரிமை நமக்கு இல்ல. மோட்டார் எத்தனை ஹெச்.பி., வயர் எவ்வளவு தூரம், அதுக்கு எத்தனை ஸ்கொயர், எர்த் எங்கன்னு முதல் வரியில எழுதணும். காசு பத்தலைன்னா பந்தலைக் குறைங்க. தகரத்துக்குப் பெயின்டை அடுத்த வருசம் அடிங்க. வயர்ல கை வெக்காதீங்க.

"கரண்ட் ஃப்ரீதானே, வயர்ல போனா போகட்டும்"னு நம்ம ஆளுங்க சொல்றதைக் கேட்டிருப்பீங்க. 1990ல இருந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம் இருக்கறதால பில்லைப் பாத்து நஷ்டத்தைப் புரிஞ்சுக்கற வாய்ப்பே நமக்கு இல்லாமப் போச்சு. என் பழைய 2.5 கேபிள்ல 1,350 வாட்ஸ் சூடாவே போயிட்டிருந்தது. ஓர் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்ஸ். அதுக்கும் மேல ஒரு பங்கை நாள் முழுக்க மண்ணுக்குள்ள எரிய விட்டிருக்கேன். பில் வரல, அதுக்குப் பதிலா தண்ணி குறைஞ்சது. மூணு பேஸ் வர்ற நேரமே கணக்கான நேரம். அதுல இறைக்க வேண்டிய தண்ணியை வயர் குடிச்சிருச்சு.

செக்குக்கு இந்தச் சமாதானமும் கிடையாது. தோட்டத்து இலவச சர்வீஸ்ல இருந்து செக்குக்கு இழுக்கக் கூடாது. தொழிலுக்குத் தனி சர்வீஸ் வாங்கியாகணும். அங்க ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு. என் மோட்டார் கணக்கையே வெச்சுப் பாத்தா, 10 மணி நேரத்துக்கு 2.5க்கும் 6க்கும் வித்தியாசம் ஏறக்குறைய 8 யூனிட். வருசத்துக்கு எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. நல்ல வயரோட விலை தானா திரும்பி வந்துடும்.

தம்பிக்கு நான் சொன்னதுல சிலதை இங்கயும் எழுதிடறேன்.

சைஸைத் தூரத்தை வெச்சு முடிவு பண்ணணும். கம்பத்துல இருந்து கடைசி மோட்டார் வரைக்கும் 5 சதவீதத்துக்கு மேல வோல்டேஜ் விழக் கூடாது. 415க்கு 20 வோல்ட். நான் இப்ப மேல 110 மீட்டருக்கு 10 ஸ்கொயரும் போருக்குள்ள 140 மீட்டருக்கு 6 ஸ்கொயரும் போட்டிருக்கேன். மொத்தம் 17, 18 வோல்ட்தான் விழுது. முதல்லயே எலக்ட்ரீசியன் சொன்னது அச்சு அசலா இதேதான்.

அலுமினியம் விலை கம்மி. தப்பும் இல்ல. ஆனா காப்பர் அளவுக்கு வேணும்னா ஒன்றரை மடங்குக்கு மேல தடிமன் வேணும். 10 ஸ்கொயர் காப்பர் இடத்துல 16 ஸ்கொயர் அலுமினியம். அலுமினியத்தையும் காப்பரையும் நேரா முறுக்கிச் சேர்த்தா கொஞ்ச நாள்ல இணைப்பு அரிச்சுப்போய்ச் சூடாகும். அதுக்குன்னே இருக்கற பைமெட்டல் லக் போட்டு அழுத்தணும்.

காப்பர்னு சொல்லி விக்கறதெல்லாம் காப்பர் இல்ல. அலுமினியக் கம்பிக்கு மேல காப்பர் பூச்சு குடுத்து வருது. ஒரு இழையைக் கத்தியால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்துல லைசென்ஸ் நம்பர் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டுப் பாத்தா யாருக்குக் குடுத்த நம்பர்னு காட்டிடும். ரெண்டு நிமிச வேலை.

எம்.சி.பி. மோட்டாரைக் காப்பாத்தும்னு நினைக்கிறோம். அது காப்பாத்தறது வயரை. மோட்டாரைக் காப்பாத்தறது ஸ்டார்ட்டர்ல இருக்கற ஓவர்லோடு ரிலே. ஸ்டார்ட் பண்ணும்போது எம்.சி.பி. விழுதுன்னு 20ஐக் கழட்டிட்டு 40 போடறாங்க பாருங்க, அன்னைக்கே அந்த வயருக்குக் காவல் போச்சு. மோட்டார் ஸ்டார்ட்டிங்குக்குன்னு டி டைப் இருக்கு, அதைப் போடச் சொல்லுங்க. பீஸ் போனா தடிக்கம்பி கட்டறதும் இதே பாவம்தான்.

நிலத்துல புதைக்கறதுன்னா ஆர்மர்டு கேபிள்தான். 75 சென்டிமீட்டர் ஆழம், கீழ மணல், மேல மணல், அதுக்கு மேல செங்கல் வரிசை. ரோட்டவேட்டர் அவ்வளவு ஆழம் போகாது. ஆனா தென்னங்குழி மூணு அடி. என் கேபிள் போற பாதையில 10 மீட்டருக்கு ஒரு கல் நட்டு வெச்சிருக்கேன். எனக்குப் பின்னாடி குழி எடுக்கறவனுக்குத் தெரியணுமில்ல? தென்னை மரத்துல சணல் போட்டுக் கட்டித் தொங்க விடற வேலை வேண்டாம். வெயில்லயும் காத்துல உரசியும் மேல் தோல் போயிடும். செக்கு ஷெட்டுல கொப்பரைத் தூளும் எண்ணெயும் சேர்ந்து படியும். வயரைத் திறந்து விட்டா எலியும் வந்து கடிக்கும். அங்க பைப்புக்குள்ளதான் ஓடணும். காசைப் பாத்து ஒரே பைப்புக்குள்ள அத்தனை வயரையும் திணிக்கக் கூடாது. சூடு வெளியேற இடம் இல்லைன்னா 20 ஆம்ப்ஸ் தாங்கறது 15கூடத் தாங்காது.

எர்த்தைப் பத்தித்தான் ரொம்ப நேரம் பேசினேன். 250 வோல்ட்டுக்கு மேல ஓடற மோட்டார் பாடிக்கு ரெண்டு தனித்தனி எர்த் இணைப்பு இருக்கணும்ங்கறது விதி. ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இருக்கணும்னுதான். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடிட்டா முடிஞ்சதுன்னு இருந்துடாதீங்க. நம்ம காட்டு மண் சித்திரையில காஞ்சு வெடிக்குது. எர்த் குழிக்கும் தண்ணி விடணும். வருசம் ஒரு தடவை அளந்து பாக்கணும். இன்னொண்ணும் இருக்கு. எர்த் தடை 10 ஓம்னு வெச்சுக்கோங்க. 240 வோல்ட் பாடியில ஏறினா 24 ஆம்ப்ஸ்தான் மண்ணுக்குள்ள ஓடும். 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. விழவே விழாது, பாடியில கரண்ட் நின்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் எர்த்தோட கூட லீக்கேஜ் பிடிக்கிற பிரேக்கரும் வேணும். கை படற பிளக் பாயிண்டுக்கெல்லாம் 30 மில்லி ஆம்ப்ஸ்ல விழுந்துடற ஆர்.சி.சி.பி. போடணும். அடிக்கடி விழுதுன்னு அதை நேர் பண்ணி விடறது, "திருடன் வர்றான்"னு குரைக்கிற நாயைக் கட்டிப் போடற மாதிரி.

எலக்ட்ரீசியன்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் இருக்கற வயர்மேனைக் கூப்பிடுங்க, அவர் எழுதிக் குடுக்கற சைஸையே வாங்குங்க. வேலை முடிஞ்சப்புறம் பட்டியலைக் குறைச்சது யாருக்கும் ஞாபகம் இருக்காது. தீப்பிடிச்சா மட்டும் "எலக்ட்ரீசியன் சரியில்ல"ன்னு சொல்லிடுவோம். என் தோட்டத்துல நடந்ததுக்கு எலக்ட்ரீசியனோ கடைக்காரரோ மோட்டார் கம்பெனியோ இ.பி.யோ காரணம் இல்ல. நான்தான். அதை ஒத்துக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

தம்பி எல்லாத்தையும் கேட்டான். கடைசியில, "அந்த அக்கா யாருங் பெரியப்பா?"ன்னான். பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். "கொப்பரை வெட்ட அவங்க மருமகளைத்தானுங்க வரச் சொல்லியிருக்கேன்"னான்.

நோட்டைத் திரும்ப வாங்கி, மேல ஒரு வரி எழுதினான். நேத்து எலக்ட்ரீசியனோட வந்து ஷெட்டுக்கும் கம்பத்துக்கும் டேப் பிடிச்சுத் தூரம் அளந்தாங்க. எர்த் குழிக்கு ஷெட்டுக்குப் பின்னாடி, பாத்திரம் கழுவற தண்ணி வந்து விழற இடமாப் பாத்து ரெண்டு குறி போட்டிருக்கோம். பந்தல் இல்லையாம். திறப்பு விழா அன்னைக்கு எல்லாருக்கும் டீயும் கச்சாயமும் மட்டும்தானாம்.